கோழியாளத்துச் சீனிவாசனார்

தோற்றுவாய்

உத்திரமேரூர் என்னும் பெயரைக் கேட்ட அளவில் கற்றோர் உள்ளத்தே முதற்கண் தோன்றுவது வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிற் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டேயாம். முதற் பராந்தக சோழனது ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டுவிக்கப்பெற்ற அச்சாசனங்கள், ஊரை முப்பது குடும்புகளாக வகுத்து, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. அதனை எம் பக்கத்தார் பெருமிதத்தோடு எடுத்துரைப்பது இயல்பே. ஆயினும் அக்கல்வெட்டை ஊன்றி நோக்குவார்க்கு மற்றொன்றும் புலனாகும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவரும், தம் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்பவரும், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்டவரும், மறைநூல் வல்லவருமே ஓலையிற் பெயர் எழுதப்பெறுதற்கு உரியராவர். கணக்குக் காட்டாதாரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என விலக்கப்பட்டனர். அஃது அந்தணர் சபையாதலின், அந்நிலத்தை உழுது விளைவித்த ஏனைக் குடியினர் ஓலையில் இடம்பெறலாமா என்னும் வினாவே அங்கு எழவில்லை.

சட்டம் இயற்றுவோர் முன் எக்காலத்தும் நிற்கும் வினா ஒன்றுண்டு. இச்சட்டம் யாரைக் குறித்தது என்பதே அது. உரிமை தரும் சட்டமாயினும் காவல் தரும் சட்டமாயினும் அவ்வினாவிற்கு விடை கூறாமல் ஓரடியும் நகராது. அவ்விடையைத் திருத்தி எழுதுவித்தற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர், எம் ஊருக்குச் சேய்மையில்லாத ஒரு சிற்றூரிலே தோன்றினார். அவரே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். நம் மாணவருட் பலர் அவரைப் பெயரளவில் மட்டுமே அறிவர். ஆதலின் அவர் சரிதத்தை இங்குச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் ஊரில், 1859-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீனிவாசனார் பிறந்தார். குடும்பம் வறியது; தீண்டாதவர் என்று ஊரார் ஒதுக்கிவைத்த குலத்தது. சாதிக் கொடுமையைப் பொறுக்கலாற்றாது அக்குடும்பத்தார் தஞ்சைப் பக்கம் குடிபெயர்ந்தனர். பின்னர்ச் சீனிவாசனார் கோயம்புத்தூரிற் கல்வி பயின்றார்.

அக்கல்விச்சாலையில் ஏறத்தாழ நானூறு மாணவர் பயின்றனர். அவருள் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர். தம் ஊரையும் குலத்தையும் குடும்பத்தையும் அவர்கள் அறிந்துகொண்டால் இழிவாக நடத்துவரே என்னும் அச்சம் இளைஞரை வாட்டியது. மணி அடிக்குமளவும் பள்ளிக்குப் புறத்தே நின்று படித்துக்கொண்டிருந்து, அடித்தபின் உள்ளே நுழைவார். பள்ளி விட்டதும் பிறர் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு சேர்வார். உடன்பயின்ற பிள்ளைகளோடு கூடி விளையாடும் இன்பத்தை அவர் அறிந்திலர்.

இதனை நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். பள்ளியின் கதவு அவர்க்கு அடைக்கப்படவில்லை. அவர் உள்ளே வரலாகாது என்று எவ்விதியும் அங்கு எழுதப்படவுமில்லை. ஆயினும் எழுதப்படாத விதியொன்று அவரை வாயிற்புறத்தே நிறுத்திவைத்தது. சட்டம் வாளாவிருக்கும் இடத்தில் வழக்கமே சட்டமாகி ஆளும் என்பதை அவர் பாடநூலிலிருந்து கற்றிலர். பள்ளி வாயிலில் நின்று கற்றார்.

கல்வி முடிந்தபின் நீலகிரிக்குச் சென்று, வணிக நிலையம் ஒன்றிற் கணக்கராய்ச் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். அரங்கநாயகி அம்மையாரை மணந்ததும் அக்காலத்திலேயே. பெரும்புலவரும் பௌத்தருமாகிய அயோத்திதாசப் பண்டிதர் சீனிவாசனாரின் உடன்பிறந்தாளை மணந்தவர். 1890-ஆம் ஆண்டிற் சீனிவாசனார் சென்னை வந்து சேர்ந்தார்.

பெயரை மறையாமை

சென்னைக்கு வந்த மறு ஆண்டே, அதாவது 1891-இல், பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'பறையன்' என்னும் பெயரோடு நான்கு பக்கமுள்ள இதழ் ஒன்றைத் தொடங்கினார். பள்ளியிற் குலப்பெயர் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி ஓடிய பிள்ளை, அப்பெயரையே இதழின் முகப்பில் அச்சிட்டு வீதியில் விற்பித்தான் என்பது நினையுந்தோறும் வியப்பைத் தருவதாம். அவ்வியற்பெயரை இழிவென்று ஒளித்துக்கொண்டே போனால் உரிமை கேட்கும் நாவே எழாது என்பது அவர் கொள்கை.

அயோத்திதாசப் பண்டிதர் கொள்கையோ வேறு. அவர் அப்பெயரையே ஏலாது, பிறர் சுமத்திய வசை எனத் தள்ளி, திராவிட மகாஜன சபை என வேறு பெயரால் அதே 1891-இல் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். மைத்துனர் இருவரும் ஒரே துயரத்தை நீக்க முயன்றவர்களே. அத்துயருழந்த மக்களை எப்பெயரால் அழைப்பது என்பதிலேயே இருவரும் வேறுபட்டனர். இது சொற்போர் மட்டுமன்று. மனு எழுதவேண்டுமாயின் மனுதாரர் யார் என்று முதலில் எழுதவேண்டுமன்றோ? 1922-ஆம் ஆண்டில் எம். சி. இராஜா அவர்கள் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, அரசாங்கக் குறிப்புக்களில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

பெயரால் வரும் நன்மையையும் அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லா கண்டது. அங்குக் கலெக்டராயிருந்த திரெமென்ஹீர் என்பார் 1891-ஆம் ஆண்டில் அம்மக்களின் நிலைகுறித்து ஓர் அறிக்கை எழுதினார். ஸ்காத்லாந்து மிஷனைச் சார்ந்த ஆதாம் ஆந்துரு ஐயரும், வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த கௌடி ஐயரும் அம்மக்களுக்கு நிலம் கிடைத்தற்பொருட்டு எழுதியும் பேசியும் உழைத்தனர். 1892-இல் அரசாங்கம் பிறப்பித்த ஆணையின் வழியே வழங்கப்பட்ட நிலங்களையே இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். அந்நிலம் பிறர் கைக்குப் போகாதிருக்க வேண்டுமாயின், உரியவர் யாரென்பதைப் பெயர்சொல்லி வரையறுத்தே தீரவேண்டும்.

இந்தியன் சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்தவேண்டும் எனக் காங்கிரஸ் மகாசபையார் கேட்டபோது, சீனிவாசனார் அதனை எதிர்த்து 3412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார். இங்கே தேர்வு நடப்பின் உயர்குலத்தாரே அதிகாரிகளாகி எளியாரை நசுக்குவர் என்பது அவர் கருத்து. இன்று நோக்குவார்க்கு இச்செயல் உவப்பாயிராது. ஆயினும் தேர்வு அனைவர்க்கும் பொது என்று எழுதிவிட்டாற் போதுமா, எழுதவும் படிக்கவும் வாய்ப்பில்லாதார்க்கு அப்பொதுமையால் ஆவதென்ன என்று அவர் எழுப்பிய ஐயம் பொய்யன்று.

கடல் கடந்த வாழ்வு

1900-ஆம் ஆண்டளவில் இதழ் நின்றது. சீனிவாசனார் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றார். அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய்ப் பல்லாண்டு பணிபுரிந்தார். காந்தியடிகள் அந்நாட்டில் வழக்குரைஞராயிருந்த காலம் அது.

அந்நாட்டுச் சட்டங்கள் மனிதரைப் பிரித்த விதம் வேறு. நேட்டாலில் 1896-ஆம் ஆண்டு இயற்றிய வாக்குரிமைச் சட்டத்தில் இந்தியர் என்னும் சொல்லே இல்லை. பார்லிமெண்டு முறையில் தேர்தல் நடைபெறாத நாடுகளின் வழிவந்தோர்க்கு வாக்குரிமை இல்லை என்று மட்டும் எழுதினர். பெயர் சொல்லாமலே இந்தியர் விலக்கப்பட்டனர். டிரான்ஸ்வாலில் 1907-ஆம் ஆண்டுச் சட்டமோ ஆசியர் என்று வெளிப்படையாகவே பெயரிட்டு, ஒவ்வொருவரும் பெயரைப் பதிந்து கைரேகை வைக்கவேண்டும் என விதித்தது. அச்சட்டத்தின்முன் முதலியாரும் ஆதிதிராவிடரும் ஒருவரே. செட்டியாரும் கூலியாளும் ஒருவரே. ஊரில் ஒருவரையொருவர் தொடாதார் அனைவரும் அங்கு ஒரே பட்டியலில் ஒதுக்கப்பட்டனர். சட்டம் கோடு கிழிக்கும் இடம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதை, நீதிமன்றத்தில் நின்று பிறர் வழக்கை மொழிபெயர்த்தவர் நாடோறும் கண்டிருப்பார் என்றே யாம் நினைக்கின்றோம்.

சட்டசபைத் தீர்மானம்

தாயகம் மீண்ட சீனிவாசனாரை அரசாங்கத்தார் 1923-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமித்தனர். அங்கு அவர் ஆற்றிய செயல்களுள் தலையாயது 1924-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் நிறைவேறிய தீர்மானமாகும். அக்காலத்தில் நம் ஜில்லாவின் ஊர்களில் அக்கிரகாரத் தெருவிலோ சாதி இந்துக்கள் வாழும் தெருவிலோ சேரியார் நடத்தல் இயலாது. பொதுக் கிணற்றில் நீர் மொள்ளலாகாது. வரி செலுத்துதற்குக் கச்சேரிக்குச் செல்லினும் தொலைவில் நிற்றல் வேண்டும்.

அத்தீர்மானத்தின் கருத்து இது: எந்நகரிலும் எச்சிற்றூரிலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எவ்வகுப்பினரும் நடக்கலாம், பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொதுவிடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எவ்வளவில் எந்நிலையிற் பயன்படுத்துகின்றனரோ, அவ்வளவில் அந்நிலையில் எவ்வகுப்பினரும் பயன்படுத்தலாம். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களிலே அரசாங்கம் இதனை ஆணையாக வெளியிட்டது.

இதன் சொல்லமைப்பை நம் சட்ட மாணவர்கள் ஊன்றி நோக்குவார்களாக. பறையன் என்னும் பெயரையே இதழுக்கு இட்டவர், இத்தீர்மானத்தில் எச்சாதியின் பெயரையும் இட்டிலர். எவ்வகுப்பைச் சார்ந்த எவராயினும் என்றே கூறினார். ஆளைக் குறியாது இடத்தைக் குறித்தார். சாலை, கிணறு, குளம், கச்சேரி என இடங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். உரிமையின் அளவுகோலாக மேலோர் அனுபவிப்பதையே வைத்தார். இதனால் நேர்ந்த நன்மை யாதெனின், தெருவில் நடப்பவன் தன் குலத்தை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை என்பதாம். அவன் ஆதிதிராவிடனோ, அருந்ததியனோ, கிறித்தவனோ, முகம்மதியனோ, தெரு அனைவர்க்கும் தெருவே.

ஒரு குறையும் உண்டு. தடுத்தவர்க்குத் தண்டனை இன்னதென்று அத்தீர்மானம் கூறிற்றிலது. ஆணை ஊருக்கு வந்தது. வழக்கமோ ஊரை விட்டுப் போகவில்லை. 1938-ஆம் ஆண்டிலேதான், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்றவராகிய எம். சி. இராஜா அவர்களின் முயற்சியால், சமுதாய இடையூறுகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

வட்டமேசை மாநாடு

1930-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு, ஒடுக்கப்பட்டோர் சார்பில் அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனாரும் சென்றனர். அப்போது சீனிவாசனாருக்கு எழுபது வயது கடந்திருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்பது யாது என்று அவரை வினவினார் என்றும், தீண்டாதான் ஒருவன் தெருவிலே விழுந்து கிடந்தாலும் உயர்சாதியார் அவனைத் தொட்டுத் தூக்கமாட்டார்கள் என்று அவர் விளக்கினார் என்றும், மன்னர் திடுக்கிட்டார் என்றும் கூறுவர்.

அவ்விருவரும் மாநாட்டிற்கு அளித்த பாதுகாப்புத் திட்டம் எட்டு நிபந்தனைகளைக் கொண்டது. முதலாவது சமக் குடியுரிமை. இரண்டாவது அவ்வுரிமையைத் தடையின்றி அனுபவித்தல். விடுதி, பள்ளி, சாலை, குளம், கிணறு, ஊர்தி, நாடகக் கொட்டகை என இடங்களை வரிசைப்படுத்தி, அங்கு ஒருவரைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பாரைச் சிறையிட வேண்டும் எனக் கேட்டனர். இதற்கு முன்மாதிரியாக அவர்கள் காட்டியவை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நீக்ரோ மக்கள் அடிமைத்தளை நீங்கியபின் 1866, 1875 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டங்களாம். கோழியாளத்துக் கிணற்றுக்கு அமெரிக்கச் சட்டம் சான்றாயிற்று. 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் இல்லாதிருந்த தண்டனை இத்திட்டத்தில் இடம்பெற்றதையும் காண்க.

ஆயின் சட்டசபை இடங்களையும் அரசாங்கப் பதவிகளையும் பங்கிடும்போது இடத்தைக் குறிப்பது போதாது. பங்கு யாருக்கு என்று ஆளைக் குறித்தே ஆகவேண்டும். ஆதலின், தீண்டாமைக்கு உட்பட்ட சமூகங்களை மட்டும் அட்டவணையாக எழுதி, அதனைத் தேர்தற் சட்டத்தோடு இணைத்தல் வேண்டும் என 1931-ஆம் ஆண்டில் இருவரும் எழுதினர். ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்னும் பெயரும் மானக்குறைவாயிருத்தலின் அதனை மாற்றவேண்டும் என்றனர். சாதியிலா இந்துக்கள் என்பது முதலாகச் சில பெயர்களையும் எடுத்துக்காட்டினர். நாற்பதாண்டுகட்கு முன் மைத்துனர் இருவரிடையே எழுந்த பெயர் வினா, இலண்டனிலும் அவரை விடவில்லை.

1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்திலும் சீனிவாசனார் ஒப்பமிட்டார். மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 30 சென்னை மாகாணத்தன.

பட்டியலும் பட்டியலுக்குப் புறத்தாரும்

1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தைத் தொடர்ந்து, 1936-இல் பட்டியற் சாதிகளின் அட்டவணை வெளிவந்தது. சீனிவாசனார் கேட்ட அட்டவணை அச்சேறிற்று. ஆனால் இந்தியக் கிறித்தவர் எவரையும் பட்டியற் சாதியாராகக் கொள்ளலாகாது என்னும் விதியும் உடன் அச்சேறிற்று. தீண்டாமைக்கு உட்பட்டார் யார் என்னும் வினாவோடு, அவர் எம்மதத்தார் என்னும் வினாவும் கலந்தது.

அம்பேத்கர் 1935-இல் மதம் மாறப்போவதாக அறிவித்தபோது சீனிவாசனார் அதற்கு உடன்பட்டாரில்லை. தம் மக்கள் வருண அமைப்புக்கே புறம்பானவர். உள்ளே இல்லாதவர் வெளியேறுவது எங்ஙனம் என்பது அவர் வாதம். இவ்வாதத்தை ஏற்பினும் ஏலாதொழியினும், மதத்தை வைத்து அம்மக்களை அளப்பது பொருந்தாது என்னும் கருத்து அதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

நாடு விடுதலை பெற்றபின் இயற்றிய அரசியலமைப்பில் இரு வழிகளும் இடம்பெற்றன. பதினைந்தாம் உறுப்பு கிணறு, குளம், நீராடுதுறை, சாலை என இடங்களை எண்ணுகின்றது. 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் சாயல் அதிற் காணப்படுகின்றது. பதினேழாம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கின்றது. அது யாருக்கு எதிராக என்று கேட்கவில்லை. மற்றொருபால், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியற் சாதியாரைப் பெரும்பாலும் இந்துக்களுள்ளே கண்டது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முகம்மதியரும் சேர்க்கப்பட்டிலர்.

இதனால் ஒரே குடும்பத்தில் தமையனும் தம்பியும் சட்டத்தின்முன் வேறாகின்றனர். தமையன் இந்து, தம்பி கிறித்தவன் என்று கொள்வோம். கிணற்றடியில் இருவரையும் தடுத்தால், 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருவரும் முறையிடலாம். ஆயின் தமையன் திறத்தில் அச்செயல் தீண்டாமை காரணமாகவே நிகழ்ந்தது என நீதிமன்றம் முற்கோள் கொள்ளும். தம்பியோ அதனை மெய்ப்பித்தல் வேண்டும். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தமையனுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை. கல்லூரி இடத்திற்கும் அரசுப் பணிக்கும் தமிழ்நாட்டில் தமையன் பட்டியற் சாதியான். தம்பி பிற்படுத்தப்பட்டோருள் ஒருவன். தடுத்தவன் கண்ணுக்கு மட்டும் இருவரும் ஒருவரே. மதம் மாறியோர்க்கும் பட்டியல் நிலை தரலாமா என ஆராய்தற்கு 2022-ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது.

இதனைக் கூறுமிடத்து நம் குற்றத்தையும் மறைத்தல் தகாது. கிறித்துவுக்குள் சாதி இல்லை. ஆதலின் கிறித்தவனுக்குப் பட்டியலில் இடம் எதற்கு என்று கேட்போர் உளர். அவர்க்கு நாம் கூறும் விடை யாது? தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றில் தேவாலயத்துள்ளேயே தனித்தனி இருக்கை இருந்ததையும், கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுந்ததையும் நாம் அறிவோம். சாதி இல்லை என்னும் சொல் உண்மையாயிருக்குமாயின் பட்டியலில் இடம் கேட்க வேண்டுவதில்லை. பொய்யாயிருக்குமாயின் அச்சொல்லை வாயிலிற் காட்டி எளியாரைத் திருப்பியனுப்புதல் அறமன்று. ஞானஸ்நானத் தண்ணீர் பெயரை மாற்றிற்று. தெருவின் கண்ணை மாற்றவில்லை.

முடிவுரை

சீனிவாசனார் 1926-இல் இராவ் சாகிப், 1930-இல் இராவ் பகதூர், 1936-இல் திவான் பகதூர் ஆகிய பட்டங்களைப் பெற்றார். 1939-ஆம் ஆண்டில் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை வெளியிட்டார். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் உலகு நீத்தார். 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. சென்னைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அவர்க்கு மணிமண்டபம் உள்ளது.

அவர் வாழ்க்கையால் நாம் அறிவது இதுவே. பங்கு கொடுக்கும் சட்டம் ஆளைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். இன்றேல் வலியவரே பங்கை உண்பர். வழி திறக்கும் சட்டமோ பெயர் கேளாது அனைவர்க்கும் திறக்க வேண்டும். இன்றேல் பட்டியலில் விடுபட்டவன் வாயிலில் நிற்பான். அவர் இரண்டையும் அவ்வவற்றின் இடமறிந்து கையாண்டார். நாம் பெயர் கேட்க வேண்டாத இடத்திற் பெயர் கேட்கின்றோம்.

மாணவ நண்பர்காள்! பிறன் யார் என்று நம் ஆண்டவரை வினவியவனும் ஒரு நியாயசாஸ்திரியே. அவர் அவனுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தாரில்லை. வழியிலே விழுந்து கிடந்த ஒருவனையும், அவனைத் தொட்டுத் தூக்கிய ஒரு சமாரியனையும் காட்டினார். தெருவில் விழுந்து கிடப்பானைத் தூக்குவார் இல்லை என்று கோழியாளத்துக் கிழவர் மன்னருக்குச் சொன்னதும் அவ்வழியைப் பற்றியதே. பட்டியலைத் திருத்துவது சட்டசபையின் கடன். விழுந்தானைத் தூக்குவதற்கு நாம் எச்சட்டத்தை எதிர்நோக்கி நிற்கின்றோம்?